சேர்த்துக் கட்டும் அறை: தளத்துக்கு மேல் என்ன போடுவது?

மகனுக்குக் கல்யாணம் என்றால் பின்பக்கம் ஓர் அறை. வாடகை வருமே என்று மாடியில் ஓர் அறை. மாமல்லபுரம், கோவளம் பக்கமென்றால் வருகிற பயணிகள் தங்கட்டும் என்று பக்கவாட்டில் ஓர் அறை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்படி வீட்டோடு சேர்த்துக் கட்டுவது எங்கும் நடக்கிறது. ஜன்னலுக்கும் தரை டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். கான்கிரீட் தளம் போட்டு முடிக்கும்போது கையில் இருந்த காசு தீர்ந்திருக்கும். "மேலே அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஐப்பசி பிறந்து, புது அறையின் மூலையில் ஈரம் படரும்போதுதான் அந்த நினைப்பு வருகிறது.

தளத்துக்கு மேல் என்னென்ன போடலாம், அதில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும், மேஸ்திரியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கட்டட வேலை பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கான்கிரீட்டே கெட்டியானதுதானே, அதற்கு மேல் இன்னொன்று எதற்கு? முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கான்கிரீட் கெட்டியானதுதான், ஆனால் தண்ணீர் புகாதது அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பகலில் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால் மயிரிழை வெடிப்புகளும் விழும். அதன் வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால்தான் சில வீடுகளில் உள்கூரைக் காரை தட்டுத்தட்டாகப் பெயர்ந்து விழுந்து, உள்ளே செந்நிறக் கம்பி தெரிகிறது. அந்த நிலைக்கு வந்த தளத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, முதலிலேயே மேல்தளம் போட ஆகும் செலவைவிடப் பல மடங்கு.

என் வீடு கடலோரம், அதற்கு இது இன்னும் முக்கியமா? ஆம். உப்புக் காற்று கம்பியின் பகைவன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 8-ம் நூற்றாண்டுக் கற்கோயில். அந்தக் கல்லையே கடற்காற்று அரிக்கிறது என்பதால்தான் அங்கே அலைத் தடுப்பும் சவுக்கு மரங்களும் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டுத் தளத்துக் கம்பிக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்துப்பாருங்கள்.

ஒரே மாவட்டமாக இருந்தாலும் கடலோரத்துக்கும் உள்பகுதிக்கும் தேவை வேறு. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரிசையில் கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று வந்துவிடும். அங்கே பயப்பட வேண்டியது உப்பும் புயலும். செங்கல்பட்டு நகரம், மறைமலை நகர், மதுராந்தகம் பக்கம் அந்தக் காற்று தாமதமாக, வலுவிழந்து வரும். அங்கே மழையோடு சேர்த்து வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் ஊரில் நெடுங்காலமாகப் போடுவது எது? மேஸ்திரிகள் 'சுருக்கி' என்று சொல்லும் செங்கல் ஜல்லி - சுண்ணாம்புத் தளமும், அதற்கு மேல் தட்டோடும் (தட்டையான சுட்ட களிமண் ஓடு). கான்கிரீட் தளம் வருவதற்கு முன்பே இது இருக்கிறது. செங்கல்பட்டின் பழைய தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் (தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கிக் கட்டும் தளம்) போட்ட வீடுகளின் தலையிலும் இதே ஜல்லியும் இதே ஓடும்தான். கீழே இருந்த மரமும் சிறு செங்கல்லும் போய் கான்கிரீட் வந்தது. மேலே இருந்தது மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் வரவில்லை.

அதை எப்படிப் போடுவார்கள்? நன்றாக வெந்த செங்கல்லை முக்கால் அங்குல ஜல்லியாக உடைத்து, தண்ணீரில் ஊற வைப்பார்கள். ஊறாத ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு ஜல்லி இரண்டரைப் பங்கு. மணல் சேர்ப்பதில்லை. கலவையைப் பரப்பி, ஆட்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டே போவார்கள். அன்றைக்கு ஒரு நாள் அடித்தால் போதாது. அடுத்தடுத்த நாள்களிலும் ஈரம் காட்டி அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழைய வழக்கம். இன்றும் கேட்டால் செய்து கொடுக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கட்டை பட்ட இடத்தில் தடம் பதியாமல், கட்டை எகிறி வரும்போதுதான் அடித்தது போதும் என்று அர்த்தம். அதன் பிறகு சில நாள்கள் ஈரம் காயாமல் வைத்திருந்து, மேலே தட்டோட்டைச் சிமென்ட் கலவையில் பதித்து, இடுக்குகளைத் தண்ணீர் புகாத மருந்து கலந்த சிமென்ட்டால் அடைப்பார்கள்.

இதன் பலன் என்ன? மூன்று. தண்ணீரை இறங்க விடாது. வெயிலின் சூடு தளத்துக்கு இறங்குவதைக் குறைக்கும். வாட்டமும் (தண்ணீர் ஓடும் சரிவு) இதிலேயே அமைந்துவிடும். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவதால் தளம் விரிந்து சுருங்கும்போது ஓரளவு கூடவே வளைந்துகொடுக்கும். பெருமழையும் கடும் வெயிலும் மாறி மாறி வரும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

"இப்போ யாரு சார் சுண்ணாம்பு போடுறா, ரெண்டு மூட்டை சிமென்ட் கலந்து ஒரே நாள்ல முடிச்சுடலாம்" என்று மேஸ்திரி சொன்னால்? ஒப்புக்கொள்ளாதீர்கள். சிமென்ட் கலந்த செங்கல் ஜல்லி சீக்கிரம் இறுகும். இறுகும்போதே சுருங்கி வெடிக்கும். வெடிப்பு தட்டோட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றால், அரைகுறையாக இதைச் செய்வதைவிட அடுத்து வரும் வேறொரு முறையை முழுமையாகச் செய்வதே நல்லது.

ஜல்லி எவ்வளவு கனம் வேண்டும்? தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சராசரியாக 3 அங்குலமாவது இருக்க வேண்டும். வாட்டம் பத்தடிக்கு 2 அங்குலம் என்று வையுங்கள். பதினைந்தடி நீள ஓட்டம் என்றால் 3 அங்குலம் ஏறும். அதாவது வாயில் 2 அங்குலம், கடைக்கோடியில் 5 அங்குலம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஜல்லி, கலவை, ஓடு எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 20 கிலோ வரும். பதினைந்துக்கு இருபது அறை என்றால் 300 சதுர அடி. தளத்தின் தலையில் 6 டன் ஏறுகிறது. புதுத் தளத்துக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் கம்பி அளவு போடும் பொறியாளரிடம் முன்பே "மேலே சுருக்கி போடப்போகிறோம்" என்று சொல்ல வேண்டும். பழைய தளத்தின் மேல் ஏற்கெனவே ஜல்லியும் ஓடும் இருந்து, அதற்கு மேலேயே இன்னோர் அடுக்கு போடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். பழையதைக் கொத்தி எடுக்கும் கூலியை மிச்சம் பிடிப்பதற்காகத் தளத்தின் தலையில் இரட்டைச் சுமை ஏற்றக் கூடாது. அறை நீளம் அதிகமென்றால் தளத்தைக் கான்கிரீட் போடும்போதே லேசாகச் சரித்துவிடலாம், அல்லது இரண்டு பக்கமும் குழாய் வைத்து ஓட்டத்தைப் பாதியாக்கலாம். சுமை குறையும்.

வெயிலுக்கு என்ன செய்வது? கோடையில் இரவு பத்து மணிக்கும் அறை ஏன் தகிக்கிறது என்றால், பகல் முழுக்கச் சூட்டை வாங்கிக்கொண்ட தளம் அப்போதுதான் அதைக் கீழே விடுகிறது. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே தட்டோடு பதித்த பிறகு அதன் மேல் வெள்ளை அடிப்பது நல்ல பலன் தரும். வசதி இல்லாதவர்கள் பங்குனியில் சுண்ணாம்பு அடித்தாலே போதும். மழையில் கரைந்துபோகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அகமதாபாத்தில் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு இப்படி வெள்ளை அடிப்பதை மாநகராட்சியே எடுத்துச் செய்தது. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. கடலோரத்தைவிடச் செங்கல்பட்டு, மறைமலை நகர் பக்கத்தவர்களுக்கு இந்த வெள்ளை மிகவும் வேண்டியது.

கடையில் விற்கும் 'கூல் டைல்ஸ்' போடலாமா? போடலாம். தட்டோட்டின் இடத்தில் இந்த வெள்ளை ஓட்டைப் பதிக்கிறார்கள். வெயிலுக்கு நன்றாகவே பலன் தரும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வழவழப்பான ஓட்டில் மழை நாளில் துணி எடுக்கப் போகிற வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளை கறுத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுத் தரைக்கு வாங்கி மிச்சமான பளபளப்பு டைல்ஸை மாடியில் பதிப்பது வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாத வகை என்பதால் வெறும் சிமென்ட் கலவையில் பிடிக்காது. வெயிலில் கிளம்பி நிற்கும்.

பெயின்ட் போல அடிக்கும் வாட்டர்புரூஃபிங் மருந்து மட்டும் போதாதா? விளம்பரங்களைப் பார்த்துப் பலரும் கேட்பது இதுதான். பழைய தளம், சுமை தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டார் என்றால் இதுதான் வழி. எடையே இல்லை, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், வெள்ளையில் வாங்கினால் சூடும் குறையும். ஆனால் வெயிலும் கால் மிதியும் பட்டுப்பட்டு அது தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்ற கணக்கோடுதான் இதில் இறங்க வேண்டும். வடாம் போடுவது, துணி காயவைப்பது, கோடையில் படுப்பது என்று மாடியைத் தினமும் புழங்கும் வீடென்றால் மருந்தை அடித்து, அதன் மேல் ஓடு பதிப்பது நல்லது. அப்போது மருந்துக்கு ஓடு காவல்.

மருந்து அடிப்பதில் பாதி வேலை அடிப்பதற்கு முன்பே இருக்கிறது. பழைய பாசி, பெயர்ந்த காரை, தூசி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை 'வி' வடிவில் வெட்டி அடைத்து, காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். வெடிப்பின் மேலும் மூலைகளிலும் நூல் வலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். "பத்து வருஷம் கியாரண்டி சார்" என்பார்கள். அந்தக் கியாரண்டி காகிதத்தை வாங்கி, மருந்துக்கு மட்டுமா, வேலைக் கூலிக்கும் சேர்த்தா, தளத்தில் புது வெடிப்பு விட்டால் பொறுப்பு யாருடையது என்று படித்துப் பாருங்கள்.

தார் ஷீட் பற்றியும் ஒரு வார்த்தை. நெருப்பு காட்டி உருக்கி ஒட்டும் இந்தக் கறுப்பு விரிப்பு தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கறுப்பு வெயிலை இழுக்கும். மேலே ஓடு பதிக்காமல் திறந்து விட்டால் அறை அடுப்பாகும், விரிப்பும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். மழைநீரைப் பிடித்துக் குடிக்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

தளமே போடாமல் இரும்பு ஷீட் போட்டால் என்ன? செலவு குறைவு, வேலையும் விரைவு. மாடியில் ஓர் அறை ஏற்ற நினைப்பவர்கள் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். இதில் உங்கள் கவனம் முழுக்கக் காற்றின் மேல் இருக்க வேண்டும். ஷீட் சதுர அடிக்கு அரைக் கிலோகூட இருக்காது. மணிக்கு 120 கி.மீ. காற்று அடித்தால் அது சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் விசை கொடுக்கும். கூரையின் மேல் அந்த விசை ஷீட்டை மேலே தூக்கும். பத்துக்குப் பத்து ஷெட் ஒன்றை 600 கிலோ விசை பிடித்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் கூடுதல்.

அப்படிக் காற்று இங்கே வருமா என்று கேட்கத் தேவையில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைப் பகுதியைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டியது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையேறியது. கட்டடங்களை வடிவமைக்க இந்தியத் தர விதி சென்னைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.

ஆகவே ஷீட்தான் போட முடியும் என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் பதிக்கக் கூடாது. அரையடிச் செங்கல் சுவர் அந்த இழுப்பைத் தாங்காது. தூண்களோடும் பீமோடும் பிணைக்க வேண்டும். ஓர வரிசைகளில் திருகாணிகளை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் அலுமினியமும் துத்தநாகமும் பூசி வண்ணம் ஏற்றிய ஷீட்டே வேண்டும். முதலில் துருப்பிடிப்பது ஷீட் அல்ல, திருகாணிதான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக வாங்கித் தாருங்கள், ஷீட் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை. மற்றபடி ஷீட்டுக்கு அடியில் வெயிலும் மழைச் சத்தமும் இருக்கும். தூங்கும் அறைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். துணி உலர்த்தவும் சாமான் வைக்கவும் சரி.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாயிற்றே? வேண்டாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் இன்னும் விற்கிறது என்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று அல்ல. ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால் அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசுதான் ஆபத்து.

இனி, சேர்த்துக் கட்டும் அறைக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் ஒழுகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய சுவரும் புதுத் தளமும் சேரும் கோடு.

ஏன் அங்கே மட்டும்? பழைய வீட்டின் அஸ்திவாரம் இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிட்டது. புது அறையின் அஸ்திவாரம் இனிமேல்தான் சிறிது இறங்கும். ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று இறங்கினால் நடுவில் வெடிக்கத்தான் செய்யும். வயலாக இருந்து மனையான இடமென்றால் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அந்த வெடிப்பு ஆண்டுதோறும் திறந்து மூடும். அதைச் சிமென்ட் வைத்து அடைப்பதும், மறு ஆண்டு அது மறுபடி வெடிப்பதும் பல வீடுகளில் நடந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் என்ன வழி? வெடிக்கப் போகும் இடத்தை முதலிலேயே நாமாக இடைவெளியாக விட்டுவிடுவது. புது அறைக்குத் தனித் தூண்கள் போட்டு, பழைய சுவருக்கும் புதுத் தளத்துக்கும் நடுவில் ஓர் அங்குலம் விட்டு, அந்த இடத்தில் தெர்மோகோல் அட்டை வைத்துக் கான்கிரீட் போட வேண்டும். பிறகு மேல்பக்கம் அட்டையைக் கொஞ்சம் கீறி எடுத்துவிட்டு, சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) நிரப்ப வேண்டும்.

அது மட்டும் போதாது. புதுத் தளத்தின் ஓரத்தில், இடைவெளியை ஒட்டி, நாலு அங்குல உயரத்துக்கு ஒரு சிறு திட்டு எழுப்புங்கள்; தண்ணீர் அந்தக் கோட்டுக்கே வராது. பழைய சுவரில், திட்டுக்கு மேலே ஒரு காடி (நீள் பள்ளம்) வெட்டி, அதில் அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பைச் செருகிப் பூசி, மறு விளிம்பு திட்டைத் தாண்டிக் கீழே தொங்கும்படி மடக்கிவிட வேண்டும். தகடு பழைய சுவரை மட்டும் பிடித்திருக்கும், புதுத் தளத்தோடு ஒட்டாது. இரண்டு கட்டடமும் தனித்தனியே அசைந்தாலும் மழைநீர் தகட்டின் மேல் வழிந்து வெளியே போகும். இந்த வேலைக்கு ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. ஆனால் கேட்காவிட்டால் யாரும் செய்து தர மாட்டார்கள். வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள்.

மற்ற மூன்று பக்கமும் கைப்பிடிச் சுவர் சேரும் இடத்தை நேர்க் கோணமாக விடாமல் வளைவாகப் பூச வேண்டும். மருந்து அடிப்பதானால் அது சுவரில் ஓரடி உயரம் வரை ஏற வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய வீட்டு மாடித் தண்ணீர் இதுவரை எங்கே விழுந்தது? புது அறை தாழ்வாக இருந்தால், பழைய குழாய் அதன் தலையிலேயே கொட்டும். 300 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டியது 49 செ.மீ. பழைய மாடியின் தண்ணீரும் இதோடு சேர்ந்தால் புதுக் குழாய் தாங்காது. பழைய குழாயைத் தனியாகத் தரை வரை இறக்கிவிடுங்கள்.

குழாய் எத்தனை? சுமார் 400 சதுர அடிக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் என்று கணக்கு. ஆனால் ஒன்று போதும் என்கிற அளவிலும் இரண்டு வையுங்கள்; ஒன்று இலையால் அடைத்துக்கொண்டாலும் மாடி குளமாகாது. கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு துளையும் விடுங்கள். அதில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் கீழ்க் குழாய் அடைத்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வரும் கடலோரத்தில் அது சட்டத்துக்காகச் செய்ய வேண்டியது அல்ல, நமக்காகவே செய்ய வேண்டியது.

எந்த மாதத்தில் செய்வது? நம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் நிதானமாக முடிக்கலாம். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு வேலை செய்தால் ஈரம் நிற்காது. செய்தே ஆக வேண்டுமென்றால் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். ஆவணிக்குப் பிறகு ஆரம்பிப்பது மழையோடு பந்தயம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கலவைக்கு ஊற்றும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் அதைக் கான்கிரீட்டுக்கு ஊற்றாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் உள்ள, கம்பியை அரிக்கும் பகுதி) இருக்கக் கூடாது என்பது விதி. லாரித் தண்ணீர் வாங்கும் செலவைப் பார்க்காதீர்கள்.

வேலை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஜல்லி போடுவதற்கு முன்பே, தளம் நன்றாக இறுகிய பிறகு, குழாய் வாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழே அண்ணாந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு இன்னொரு முறை. ஓடு பதித்ததும் ஒரு சிறு கட்டையால் ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். 'பொத்' என்று உள்ளீடற்ற சத்தம் கேட்கும் ஓட்டை எடுத்துவிட்டு மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் முடியும் வரை கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் மனவருத்தம் வராது.

சோலார் தகடு வைக்கும் எண்ணம் இருக்கிறதா? 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம் கிடைப்பதால் பலரும் வைக்கிறார்கள். அதன் கால்களைப் பதிக்க ஓட்டைத் துளைத்தால் இதுவரை சொன்னதெல்லாம் வீண். ஓடு பதிப்பதற்கு முன்பே தளத்தில் சிறு கான்கிரீட் பீடங்கள் எழுப்பிவிடுங்கள். தண்ணீர் டேங்குக்கும் அப்படியே.

மாமல்லபுரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் தனியே உண்டு. சேர்த்துக் கட்டும் அறைக்கு உள்ளாட்சியின் அனுமதி எங்கும் வேண்டும். ஜல்லி இறக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

புதுத் தளமென்றால் சுண்ணாம்புச் சுருக்கி, தட்டோடு, மேலே வெள்ளை; சுமை தாங்காத பழைய தளமென்றால் மருந்து; ஷீட் வேறு வழியே இல்லாதபோது. எதைப் போட்டாலும் பழைய சுவரை ஒட்டி அந்த ஓர் அங்குல இடைவெளியும் தகடும் கட்டாயம். புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுதோறும் ஒருமுறை மாடி ஏறி, குழாய் வாயைத் துழாவி இலையை எடுத்து, சீலன்ட் பிளந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.